அத்தையின் கணக்கை யார் படிப்பார்கள்?

நீங்கள் எழுதியதை முதலில் நான் புரிந்துகொண்ட அளவில் திருப்பிச் சொல்கிறேன். நீங்கள் இருப்பது தஞ்சாவூரில். உங்கள் அத்தைக்கு 78 வயது. சிங்கப்பூரில் அங் மோ கியோவில் ஒரு மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் தனியாக இருக்கிறார். மாமா காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன, பிள்ளைகள் இல்லை. ஒரு வருடமாக ஞாபகம் தடுமாறுகிறது. பக்கத்து வீட்டார் மூலம் வந்த ஒரு வழக்கறிஞர், கட்டணம் வாங்கிக்கொண்டு அத்தையின் பணத்தையும் பராமரிப்பையும் தானே கவனித்துக்கொள்வதாகவும், தான் ‘தொழில்முறை டெபுட்டி’ என்றும் சொல்கிறார். “இவர்களுக்கு லைசென்ஸ் உண்டா, அரசு கண்காணிக்கிறதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. அவர் ஏமாற்றினால் யாருக்காவது தெரியவருமா? தெரியவரும்போது அத்தைக்கு ஏதாவது மிஞ்சியிருக்குமா? முதல் கேள்விக்கு ‘உண்டு’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் வழக்கறிஞர் அல்ல. இருபத்தாறு வருடம் இங்கே சிங்கப்பூர் மருத்துவமனைகளில் சமூக ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவள். முதுமை மறதி நோய், பக்கவாதம், விபத்தில் மூளைக் காயம் என்று தாங்களாக முடிவெடுக்க முடியாமல் போனவர்களின் குடும்பங்களோடும், குடும்பமே இல்லாதவர்களோடும்தான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. சட்டத்தின் நுணுக்கம் வேண்டுமென்றால் ஒரு வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும், அதுவும் அத்தைக்குச் சேவை செய்ய முன்வந்திருப்பவர் அல்லாத இன்னொருவரை. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்ல முடியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சிங்கப்பூரின் மனநலத் திறன் சட்டம் 2008-இல் இயற்றப்பட்டு 2010 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. இதில் இரண்டு வழிகள் உள்ளன. ஒருவர் நல்ல தெளிவோடு இருக்கும்போதே, ‘எனக்குப் புரியாமல் போகும் காலத்தில் இன்னார் என் சார்பில் முடிவெடுக்கட்டும்’ என்று எழுதிவைப்பது ஒரு வழி. இங்கே எல்லாரும் அதை எல்பிஏ (Lasting Power of Attorney) என்பார்கள். அதில் பெயர் குறிக்கப்படுபவர் ‘டோனி’ (donee). எழுதிவைக்காமலே புத்தி தடுமாறிவிட்டால் நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும். அவர்தான் ‘டெபுட்டி’. ஆகவே நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்கள் அத்தைக்கு எவரும் டெபுட்டி ஆகிவிட முடியாது. அந்த வழக்கறிஞர் டெபுட்டியாகப் பதிவு பெற்றவராகவே இருக்கலாம். அத்தையைப் பொறுத்தவரை இன்றைக்கு அவர் வெளியாள்தான்.

அதைவிட முக்கியம், அத்தைக்கு இன்னும் முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்பது. இங்கே பலர் அவசரப்படுவதைப் பார்த்திருக்கிறேன். வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது, ஆகவே புத்தி இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எதிர்மாறாக நிரூபிக்கப்படும்வரை எவருக்கும் திறன் உண்டு என்றே கொள்ள வேண்டும். அவருக்குப் புரியவைக்க இயன்ற உதவி எல்லாம் செய்து பார்க்க வேண்டும். நமக்கு முட்டாள்தனமாகத் தெரிகிற முடிவை எடுத்தார் என்பதற்காகவே திறன் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. சொல்வதைப் புரிந்துகொள்கிறாரா, மனத்தில் வைத்துக்கொள்கிறாரா, எடைபோட்டுப் பார்க்கிறாரா, தன் முடிவை ஏதாவது ஒரு வழியில் தெரிவிக்கிறாரா என்று ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தேக்காவில் மூட்டை தூக்கிப் பிழைத்த ஒரு பெரியவர், தனிக்கட்டை, கீழே விழுந்து வார்டில் இருந்தார். மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்க, தமிழ் அரைகுறையாகத் தெரிந்த ஒரு தாதி மொழிபெயர்த்தார். இன்றைக்கு என்ன கிழமை? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். திறன் இல்லை என்று குறிப்பு எழுதத் தயாராகிவிட்டார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, “ஐயா, உங்க வீட்டு வாடகைய யாரு கட்டுறா?” என்று கேட்டேன். தலையணைக்கு அடியிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு காகிதக் கட்டு எடுத்தார். உள்ளே மூன்று பில்கள். “கரண்டு பில்லு இந்த மாசம் கூடிப்போச்சும்மா. நான் இங்க படுத்திருக்கேன், அங்க ஃபேன் ஓடிக்கிட்டே கெடக்கு. யாரையாச்சும் போயி அணைக்கச் சொல்லு” என்றார். மருத்துவர் நல்ல மனிதர், குறிப்பைக் கிழித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே பெரியவருக்கு, ஊரில் தன் பங்கு நிலத்தை விற்பதா வேண்டாமா என்ற பேச்சு கடைசிவரை பிடிபடவில்லை. தன் செலவுப் பணத்தை அவரால் பார்த்துக்கொள்ள முடிந்தது, நில விற்பனையை முடிவு செய்ய முடியவில்லை. இரண்டும் ஒரே ஆள்தான்.

சுற்றியிருப்பவர்களின் அழுத்தமும் இதில் கணக்குதான். பாதி தளர்ந்த மனம், பக்கத்தில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒருவரை எதிர்த்து முடிவெடுக்க முடியாமல் போகலாம். திறனை அளக்கும்போது அவர் உண்மையில் எந்தச் சூழலில், யாருடைய பிடியில் இருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று சிங்கப்பூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இனி லைசென்ஸ். 2016-இல் சட்டத்தைத் திருத்தி, உறவினர் அல்லாதவர் கட்டணத்துக்கு இந்தப் பொறுப்பை ஏற்க வழி செய்தார்கள். 2018 செப்டம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ரத்த உறவோ, திருமண உறவோ, தத்து உறவோ இல்லாதவர், இதற்காக ஊதியம் வாங்குபவர் என்பது இதன் இலக்கணம். வழக்கறிஞர், கணக்காளர், மருத்துவர், தாதி, சமூக ஊழியர் போன்ற தொழில்களில் இருப்பவர்கள் பயிற்சி முடித்து, இதைக் கண்காணிக்கும் அரசு அலுவலகமான பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பட்டியல் அந்த அலுவலகத்தின் இணையத்தளத்திலேயே இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்தே நீங்கள் பார்த்துக்கொள்ளலாம், ஐந்து நிமிட வேலை. அவர் பெயர் அதில் இல்லையென்றால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

பெயர் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா? இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

அந்தத் திருத்தம் வந்த காலத்தில் சிங்கப்பூரில் எல்லார் வாயிலும் இருந்த பெயர் யாங் யின். சீனாவிலிருந்து வந்த சுற்றுலா வழிகாட்டி. 2008-இல் சுற்றுலா சென்ற இடத்தில் பணக்கார விதவை ஒருவருக்கு அறிமுகமாகி, 2009-இல் சிங்கப்பூருக்கு வந்து அவருடைய பங்களாவிலேயே குடியேறினார். பேரன் மாதிரி என்று சொல்லிக்கொண்டார். 2012-இல் அந்த மூதாட்டியின் எல்பிஏ-வில் டோனி ஆனார். 2014-இல் மூதாட்டிக்கு மறதி நோய் இருப்பது மருத்துவரீதியாக உறுதியானது. உறவுப் பெண் ஒருவர் நீதிமன்றம் போனார், அந்த ஆண்டே எல்பிஏ ரத்தானது. 11 லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) கையாடிய குற்றத்துக்கு 2016-இல் ஆறாண்டுச் சிறை, அரசுத் தரப்பின் மேல்முறையீட்டில் 2017-இல் அது ஒன்பதாண்டு ஆனது. குடிநுழைவுக் குற்றங்களுக்கான தண்டனையும் சேர்ந்து மொத்தம் 11 ஆண்டு 2 மாதம். இந்தக் கதையைச் சொல்லி ‘அந்நியரை நம்பாதே’ என்பார்கள். நான் அதில் வேறொன்றைப் பார்க்கிறேன். அவர் தொழில்முறை ஆளே இல்லை, சம்பளம் பேசி வந்தவரும் இல்லை, பாசம் என்ற பெயரில் வந்தவர். அவரைக் கண்டுபிடித்தது எந்தப் பதிவேடும் அல்ல. உங்களைப் போல, விடாமல் விசாரித்த ஓர் உறவுப் பெண்.

அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் நடந்தது இதற்கு மறுபக்கம். லாஸ் வேகஸ் நகரில் ஏப்ரல் பார்க்ஸ் என்பவர் நீதிமன்றமே நியமித்த தொழில்முறைக் காப்பாளர், இங்கே டெபுட்டி மாதிரி. குடும்பத்தாருக்கு முன்கூட்டியே தெரியாமல் அவசர உத்தரவு வாங்கி முதியவர்களை அவர்களுடைய வீட்டிலிருந்து அழைத்துப் போனார். ஒரே வேலைக்குப் பல பேரிடம் பில் போட்டார். நீதிமன்றத்தின் பெயரில், நீதிமன்றத்துக்கே தாள்கள் கொடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் இது நடந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு 2019-இல் அவருக்கு 16 முதல் 40 ஆண்டுவரை சிறை விதிக்கப்பட்டது. அந்த மாநிலம் 2017-இல் சட்டத்தை மாற்றியபோது, காப்பில் வைக்கப்படும் ஒவ்வொருவருக்கும் தனக்கென ஒரு வழக்கறிஞர் இருக்கும் உரிமையைக் கொடுத்தது. எனக்கு அதுதான் மிகவும் பிடித்த மாற்றம். காப்பாளரின் தகுதியை எவ்வளவு சோதித்தாலும், காப்பில் இருப்பவரின் பக்கம் உட்கார்ந்து அவருக்காகக் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும்.

சிங்கப்பூரில் அந்த ஆள் யார்? டெபுட்டிகள் ஆண்டுதோறும் பொதுப் பாதுகாவலருக்கு அறிக்கை தர வேண்டும். என்ன வந்தது, என்ன செலவானது, என்ன முடிவுகள் எடுக்கப்பட்டன என்று அதில் இருக்கும். பொதுப் பாதுகாவலர் புகார்களை விசாரிக்கலாம், வருகையாளர்களை அனுப்பி நேரில் பார்த்துவரச் சொல்லலாம், தேவைப்பட்டால் நீதிமன்றத்துக்குப் போகலாம். எல்பிஏ வழியாக வரும் டோனிக்குப் பொதுவாக இப்படி ஆண்டறிக்கை கிடையாது. யாராவது புகார் சொன்னால்தான் அவர் பக்கம் வெளிச்சம் விழும். தன் விருப்பப்படி ஆளைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்துக்குக் கொடுக்கும் விலை அது. ஆகவே அத்தை எல்பிஏ எழுதினால், கேள்வி கேட்கும் வேலை உங்கள் தலையில்தான் விழும்.

கணக்கைப் படிப்பது என்றால் என்ன என்பதற்கு இரண்டு காட்சிகள். ஒரு தாதிமை இல்லத்தில் இருந்த ஒருவருடைய கணக்கில் மாதாமாதம் 300 வெள்ளி ‘உடை, தனிப்பட்ட பொருள்கள்’ என்று ஒரே வரி. கூட்டல் எல்லாம் சரியாக இருந்தது. நான் போய் அவர் அலமாரியைத் திறந்தேன். இரண்டு பனியன், அதில் ஒன்றில் வேறொருவருடைய படுக்கை எண். காலில் இருந்த செருப்பின் வாரை பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். அது திருட்டா, அலட்சியமா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. ரசீது கேட்கத் தொடங்கிய பிறகு புதுச் செருப்பு வந்தது, அது மட்டும் தெரியும். இன்னொருவர் கணக்கில் பெரிய வரிகளுக்கு நடுவே ‘தமிழ் முரசு சந்தா’ என்று ஒரு சின்ன வரி இருந்தது. அந்த அம்மாவுக்குப் படிக்க முடியாத நிலை. டெபுட்டி ஒரு சீன வழக்கறிஞர். விசாரித்தேன். காலையில் பேப்பரை மடியில் வைத்தால்தான் அவர் கஞ்சி குடிக்கிறார் என்று தாதியர் சொன்னதாகவும், அதனால் நிறுத்தவில்லை என்றும் சொன்னார். கட்டணம் வாங்குகிறவர்களிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நான் கண்ட மோசடிகளில் பெரும்பாலானவை சொந்தக்காரர்கள் செய்தவைதான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

இதுவரை சொன்ன சட்டமும் வழக்குகளும் உறுதியானவை. பதிவு, பயிற்சி என்று வாசலில் வைக்கும் காவல் உள்ளே நடக்கும் தவறுகளை எவ்வளவு குறைக்கிறது என்பது அப்படி உறுதியாகச் சொல்லக்கூடியதல்ல. பிடிபட்ட தவறுகளை எண்ணலாம், பிடிபடாதவற்றை எப்படி எண்ணுவது? குறைக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன். பதிவை இழந்தால் தன் தொழிலுக்கும் ஆபத்து என்ற பயம் ஒரு வழக்கறிஞருக்கோ கணக்காளருக்கோ உண்டு. ஆனால் அது என் அனுபவத்திலிருந்து வரும் நம்பிக்கை, நிரூபணம் அல்ல. ஒன்று மட்டும் கண்கூடு. கட்டணம் அத்தையின் பணத்திலிருந்துதான் போகும், ஆகவே சேமிப்பு உள்ளவர்களைத் தேடித்தான் இந்தச் சேவை வரும். வாடகை வீட்டில் கையில் ஒன்றுமில்லாமல் இருக்கும் முதியவருக்கு எந்தத் தொழில்முறை ஆளும் வரிசையில் நிற்பதில்லை. ஒழுங்குமுறை பற்றிப் பேசும்போது இதை விட்டுவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

ஆறுதலான சில எல்லைகளும் சட்டத்தில் இருக்கின்றன. டோனியோ டெபுட்டியோ அத்தையின் சார்பில் திருமணத்துக்குச் சம்மதிக்க முடியாது, மதம் மாற்ற முடியாது, மத்திய சேம நிதியில் இருக்கும் ஓய்வுக்காலச் சேமிப்பு யாருக்குப் போக வேண்டும் என்று பெயர் நியமிக்க முடியாது. உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவது பற்றி முடிவெடுக்கும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை, அது மருத்துவர்கள் அத்தையின் நலனைப் பார்த்து எடுக்க வேண்டியது. டெபுட்டி வீட்டை விற்பதானால் நீதிமன்ற உத்தரவில் அதற்கு அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இது. முதலில் அத்தையை முதியோர் மருத்துவரிடம் அனுப்பி, தமிழிலேயே பரிசோதிக்க ஏற்பாடு செய்யச் சொல்வேன். தைராய்டு, வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, மாத்திரைகளின் பக்கவிளைவு எல்லாம்கூட மறதியாக வேஷம் போடும், அவற்றுக்கு மருந்து உண்டு. ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு உங்கள் அத்தையின் நிலையைச் சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது. அவருக்குப் புரிகிறது என்று மருத்துவர் சொன்னால், எல்பிஏ-வை நாள் கடத்தாமல் எழுதலாம். 2022 நவம்பரிலிருந்து அதை இணையத்திலேயே செய்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ வழக்கறிஞரோ அத்தையிடம் நேரில் பேசி, அவருக்குப் புரிகிறது, யாரும் வற்புறுத்தவில்லை என்று சான்றளிக்க வேண்டும். டோனியாக வர நினைப்பவரே அந்தச் சான்றைத் தரக் கூடாது. கையெழுத்து போடுவதைப் பார்க்காமலே பார்த்ததாகச் சான்றளித்த ஒரு வழக்கறிஞரை 2017-இல் உயர் நீதிமன்றம் தொழில் செய்யவிடாமல் இடைநிறுத்தியது. சடங்காகக் கருதக்கூடாத இடம் அது. சான்றளிப்பவர் பேசும் நேரத்தில் அந்த அறையில் மற்றவர் யாரும் இருக்க வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

பணத்தையும் பராமரிப்பையும் ஒரே கையில் கொடுக்க வேண்டியதில்லை. பணத்தைத் தொழில்முறை ஆள் பார்க்கட்டும். எங்கே இருப்பது, என்ன சாப்பிடுவது, யார் குளிப்பாட்டுவது என்பதை அத்தையை அறிந்த ஒருவர் பார்க்கட்டும். அந்த வட்டாரத்தில் இருபது வருடப் பழக்கம் உள்ள ஒரு தோழி இருந்தால் அதுவே போதும். எல்லா ஏடிஎம் அட்டைகளையும் ஒருவரிடமே கொடுத்துவிட்டு, அவரே தாதிமை இல்லத்தையும் தேர்ந்தெடுத்து, அவரே வீட்டு வாடகையையும் வாங்கும் நிலைதான் எனக்கு எப்போதும் பயம் தருவது.

அந்த வழக்கறிஞரிடம் நேராகக் கேளுங்கள். இப்போது எத்தனை பேருக்கு இப்படிப் பொறுப்பில் இருக்கிறீர்கள்? மாதம் எத்தனை முறை நீங்களே போய்ப் பார்ப்பீர்கள், உதவியாளரை அனுப்புவீர்களா? கட்டணம் மணிக்கணக்கிலா, மொத்தமாகவா? அத்தையின் பணம் உங்கள் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் இருக்குமா? தாதிமை இல்லத்திடமிருந்தோ வீட்டு முகவரிடமிருந்தோ கமிஷன் வாங்குவீர்களா? உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அடுத்து யார்? கணக்கின் நகலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எனக்கு அனுப்புவீர்களா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிப்பவரை விட்டுவிடுங்கள். நல்லவர்கள் அதை வரவேற்பார்கள், ஏனென்றால் நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் அந்த நகல்தான் அவர்களுக்கும் துணை.

ஒருவேளை காலம் கடந்துவிட்டது, அத்தைக்குப் புரியவில்லை என்று தெரிந்தால், நீதிமன்ற வழிதான். மனு போடுகிறவர் யாராக இருந்தாலும், அத்தைக்கு உறவு என்று நீங்கள் ஒருவர் இருப்பது அவருக்குத் தெரியவேண்டும். அந்த வழக்கறிஞருக்கும், அத்தையைப் பார்க்கும் மருத்துவமனைச் சமூக ஊழியருக்கும் உங்கள் பெயர், உறவுமுறை, தொலைபேசி எண்ணோடு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பிற்பாடு ஏதாவது சந்தேகம் வந்தால் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். நேரடியாகக் கொடுமையோ புறக்கணிப்போ நடக்கிறதென்றால் 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த எளிதில் பாதிக்கப்படக்கூடிய பெரியவர்களுக்கான சட்டத்தின்கீழ் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் அதிகாரிகள் தலையிட முடியும்.

இதற்கெல்லாம் முன்பு, வரும் ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு வீடியோ அழைப்பு போடுங்கள். டெபுட்டி, எல்பிஏ என்று ஆரம்பிக்காதீர்கள். இந்த மாதம் கரண்டு பில் எவ்வளவு வந்தது, யார் போய்க் கட்டினார்கள், மீன் யார் வாங்கித் தருகிறார்கள், அந்த வழக்கறிஞர் வந்தபோது என்ன சொன்னார் என்று சாதாரணமாகக் கேளுங்கள். அவர் சொல்வதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த ஞாயிறும் அதையே கேட்டு எழுதுங்கள். மருத்துவரிடம் போகும் நாளில் அந்த நோட்டின் படத்தை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.